தையலுக்குள் ஓர் அங்குலம் விட்டுத் தையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூனில் பள்ளி திறப்பு, ஆவணியில் ஓணம், அப்புறம் தீபாவளி, கிறிஸ்துமஸ். குமரி மாவட்டத்து வீடுகளில் துணி எடுக்காத காலம் குறைவு. எடுத்த துணியில் பாதி கொஞ்ச நாளில் பீரோவின் அடித்தட்டுக்குப் போய்விடுகிறது. அதை ஒரு நாள் எடுத்து விரித்துப் பாருங்கள். கிழிந்தவை கொஞ்சம்தான் இருக்கும். மற்றதெல்லாம் ஆள் வளர்ந்ததால், உடம்பு வைத்ததால் ஒதுக்கிய துணிகள். அவற்றை மறுபடி உடுத்த முடியுமா என்பதை முடிவு செய்வது தையலுக்கு உள்ளே விட்டிருக்கும் துணிதான். இதைத் தைப்பவர்களும் தைக்கக் கொடுப்பவர்களும் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

ரெடிமேட் உடைகளில் தையல் ஓரம் பெரும்பாலும் கால் அங்குலம்தான். அதையும் ஓவர்லாக் மிஷின் நறுக்கிக்கொண்டே தைத்திருக்கும். பிரித்துவிட இடமே கிடையாது. தையல்கடையில் தைக்கும் பிளவுஸில் பக்கத் தையலுக்கு வெளியே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் விடுவதும், அரை அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று வரி தையல் ஓட்டுவதும் பழைய வழக்கம். இப்போது துணி பற்றவில்லை, உள்ளே தடிப்பாக உறுத்தும் என்று சொல்லி, அரை அங்குலத்தில் வெட்டி ஓவர்லாக் அடித்துத் தருகிறார்கள். அப்படித் தைத்த பிளவுஸ் ஒரு பிரசவத்தோடு முடிந்தது.

கணக்கு எளிது. ஒரு பக்கத் தையலை அரை அங்குலம் தள்ளினால் முன்துண்டில் அரை, பின்துண்டில் அரை, ஆக ஓர் அங்குலம். இரண்டு பக்கமும் சேர்ந்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம். 34 அளவு பிளவுஸ் 36 ஆகிவிடும். மூன்று வரித் தையல் இருந்தால் உடம்பை ஒட்டிய வரியை மட்டும் பிரித்தால் போதும், அடுத்த வரி தாங்கிக்கொள்ளும். பிரிக்கும்போது நூலை இழுத்துப் பிய்க்கக் கூடாது. ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்று வீதம் நூலை வெட்டிக்கொண்டே போய், மறுபக்க நூலைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். அரை பிளேடைக் கையில் பிடித்துப் பிரிப்பவர்கள் துணியையும் சேர்த்துக் கீறிவிடுகிறார்கள். நுனி உருண்டையான பிரிப்பான் சின்ன விலைதான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிரிப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் அக்குள். இடுப்பிலிருந்து அக்குள் வரை பிரித்துவிட்டு நிறுத்தினால் அந்த இடத்தில் துணி சுருண்டு நிற்கும், கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுக்க மேலே ஏறும். கைநுனியில் தொடங்கி அக்குளைக் கடந்து இடுப்பு வரை ஒரே ஓட்டமாகப் பிரித்து, ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். காட்டனில் பழைய ஊசித் துளை இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் பெருமளவு மூடிக்கொள்ளும். பட்டில் துளை நிற்கும். உள்ளே இருந்த துணி வெளுக்காமல் சற்று அடர்ந்த நிறத்தில் தெரியவும் செய்யும். அது கை மறைக்கிற இடம் என்பதால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

உள்ளே துணியே விடாத பிளவுஸ் என்றால் பக்கத்தில் பட்டி வைக்கலாம். சுற்றளவில் மூன்று அங்குலம் வேண்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை, இருபுறத் தையலுக்கு அரை அரை, ஆக இரண்டரை அங்குல அகலப் பட்டி. நீளம் கைநுனியிலிருந்து இடுப்பு வரை அளந்து ஓர் அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டியை நூல் நேராக வெட்ட வேண்டும். கிராஸாக, அதாவது மூலைவாக்கில் வெட்டினால் நாளடைவில் இழுபட்டுத் தொங்கும். அதே நிறம் கிடைக்காவிட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் உள்ள நிறத்தைத் தேடி அலையாதீர்கள். துணிந்து வேறு நிறம் வைத்து, அதே துணியில் கைநுனிக்கும் ஒரு பட்டி கொடுங்கள். பார்ப்பவர்களுக்கு டிசைன் என்றே தோன்றும்.

பள்ளிச் சீருடையில் இது இன்னும் முக்கியம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வருடத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் உயரம் கூடுவார்கள். பாவாடைக்கும் பினஃபோருக்கும் கீழ்மடிப்பு நான்கு அங்குலம் வைத்து, மிஷினில் தையல் நீளத்தை 4-க்குத் திருப்பி ஓட்டச் சொல்லுங்கள். பிரிக்க ஐந்து நிமிடம் போதும். பையன்களின் பேண்டுக்கு மூன்று அங்குலம். பிரித்துவிட்டதும் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அது மடிப்பால் வந்த தழும்பா, வெளுத்த கோடா என்று முதலில் பாருங்கள். தழும்பு என்றால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு துணியில் நனைத்து ஒற்றி, இஸ்திரி போட்டால் போகும். பார்வைக்குத் தெரியாத ஓரத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. வெளுத்த கோடு எதற்கும் போகாது. அதன் மேலேயே அதே நிற நூலில் இரண்டு வரி தையல் ஓட்டி மறைப்பதுதான் வழி.

தைக்கக் கொடுக்கும் முன் காட்டன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, முறுக்காமல் நிழலில் உலர்த்திக் கொடுங்கள். லைனிங் துணிக்கு இது கட்டாயம். ஊறாத லைனிங் முதல் சலவையில் சுருங்கி, மேல்துணி கொப்புளம் கொப்புளமாக நிற்கும். அப்படி ஆகிவிட்டால் பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

ஓணத்துக்கு எடுத்த, ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலைகள் நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. வருடத்துக்கு ஒருநாள் உடுத்திவிட்டுக் கஞ்சியோடு மடித்து வைப்பதால் மடிப்போரம் பழுப்பேறுகிறது. கஞ்சியைத் தின்ன வரும் பூச்சி துணியையும் சேர்த்து அரிக்கிறது. இங்கே இரண்டு பருவமழையும் பெய்கிறது, காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கரும்புள்ளியும் விழும். கஞ்சி போக அலசி, நன்றாகக் காய்ந்தபின் வைப்பதே முறை. பழுப்பேறிய சேலையில் பத்து வயதுப் பெண் குழந்தைக்குப் பாவாடை தைக்கலாம். இடுப்பு 24, இறக்கம் 30 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சேலையின் கரை பாவாடையின் கீழே வரும்படி நீளவாக்கில் இரண்டரை மீட்டர் எடுங்கள். இடுப்பளவைப்போல நாலு மடங்கு என்பதால் சுருக்கு நிறைவாக வரும். இறக்கத்துக்கு 30, மேல்தையலுக்கு 1, டக் (இறக்கத்தைக் குறைக்கப் பிடிக்கும் மடிப்பு) இரண்டுக்கு 4, ஆக 35 அங்குலம் வெட்ட வேண்டும். ஓர் அங்குல டக் பிடித்தால் இரண்டு அங்குலத் துணி போகும் என்பதை மறந்தால் பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கும். டக்கைக் கரைக்குச் சற்று மேலே பிடித்து, பெரிய தையலாக ஓட்டி வையுங்கள். வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் அதே பாவாடை மூன்று ஓணம் காணும். இடுப்புப் பட்டியை மேலே மீந்த துணியில் எடுத்துக்கொள்ளலாம். பழுப்புக் கோடுகள் சுருக்குக்குள் விழும்படி துணியை நகர்த்தி வைப்பது கைப்பழக்கம். ஜரிகை மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேரே வைக்காதீர்கள். இப்போது வரும் ஜரிகை பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, சுருண்டுவிடும்.

பழைய பட்டுச்சேலையில் கத்தரி வைக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். மடிப்போரங்களில் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தால் அந்த இடம் தையலைத் தாங்காது. இடுப்பில் முதலில் சொருகும் உள்பகுதி வெயில் படாதது, நிறம் கெடாமல் இருக்கும். முன்துண்டை அங்கிருந்து எடுங்கள். மற்றொன்று, ஓரத்திலிருந்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காட்டன் காகிதம் எரிந்த வாசம் அடித்து மெல்லிய சாம்பலாகும். பட்டு மயிர் பொசுங்கிய நாற்றம் அடித்து, விரலில் நொறுங்கும் கரியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். பட்டு என்று சொல்லி வாங்கிய பலவற்றின் உண்மை இதில் தெரிந்துவிடும். பழைய நிஜ ஜரிகையை எடைக்கு வாங்குபவர்கள் உண்டு. ஆகவே பழைய கனத்த சேலை என்றால் விசாரித்துவிட்டு வெட்டுங்கள்.

ஆண்களின் சட்டையில் முதலில் போவது காலர். கழுத்து படும் மடிப்பில் நார் நாராகிவிடும், மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கும். காலரைத் திருப்பித் தைக்கும் வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம். காலரை இரண்டாக மடித்து நடுவைக் கண்டுபிடித்து, காலரிலும் அதைத் தாங்கும் பட்டியிலும் ஒரு நூல் அடையாளம் வையுங்கள். காலரும் பட்டியும் சேரும் தையலை மட்டும் பிரியுங்கள். பட்டியும் சட்டையும் சேரும் தையலைத் தொடாதீர்கள். தேய்ந்த இடம் ஓட்டையே விழுந்திருந்தால் அடியில் சிறு துண்டு வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டிவிடுங்கள். இனி காலரைப் புரட்டி, தேய்ந்த முகம் அடியில் போகும்படி பட்டிக்குள் சொருகி, நடுவில் ஊசி குத்தி, நடுவிலிருந்து இருபுறமும் நூலோட்டம் போட்டபின் மிஷினில் தையுங்கள். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் மறுமுனையில் காலர் அரைக்கால் அங்குலம் நீண்டு நிற்கும். காலரின் அடித்துணியை மேல்துணியைவிடச் சிறிது குறைத்து வெட்டுவது வழக்கம். அதனால் புரட்டிய காலரின் நுனிகள் மேல்நோக்கிச் சுருளப் பார்க்கும். கொஞ்சம் ஈரத்தோடு அடிப்பக்கம் வைத்து அழுத்தித் தேய்த்தால் படியும். காலர் நுனியில் பட்டன் போடும் மாதிரிச் சட்டைகளுக்கு மட்டும் இது ஒத்துவராது, பட்டன் மாட்டும் காஜா காட்டிக்கொடுத்துவிடும்.

மீந்த துண்டுகளில் சிறு பொருள்கள் நிறையச் செய்யலாம். தலைமுடி கட்டும் சுருக்கு வளையத்துக்கு 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத் துணியும், 7 அங்குலக் கால் அங்குல எலாஸ்டிக்கும் போதும். ஜரிகைக் கரையில் செய்யாதீர்கள், முடி சிக்கி அறும். ஜரிகைக் கரை சுருக்குப் பைக்குத்தான் லாயக்கு. உள்ளே லைனிங் வைத்தால் ஜரிகை நூல் பிரியாது. பழைய சாரத்தில் (லுங்கி) கடைக்குக் கொண்டுபோகும் பை தைத்தால் கைப்பிடிக்கு நாலு அங்குலப் பட்டியை நாலாக மடித்துத் தைத்து, பையோடு சேரும் இடத்தில் கட்டம் போட்டு அதற்குள் பெருக்கல் குறியாகவும் ஓட்டுங்கள். வெறுமனே ஒரு வரி ஓட்டினால் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கிலேயே (மரவள்ளி) பிய்ந்துவிடும். ஜீன்ஸ் துணிக்கு 16 அல்லது 18 ஊசி. தடித்த தையலைக் கடக்கும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் வேலையின் மிச்சம் நம் மாவட்டத்துப் பழைய வீடுகளில் தலையணை உறையிலும் மேஜை விரிப்பிலும் இன்னும் இருக்கிறது. விரிப்பு கிழிந்தால் லேஸைச் சேர்த்து எறியாதீர்கள். துணியோடு ஊறவைத்து அலசி, காய்ந்தபின் பிரித்தெடுத்து, குழந்தைச் சட்டையின் கழுத்துக்கோ கைநுனிக்கோ கையால் வைத்துத் தையுங்கள். மிஷின் பல் அந்த மெல்லிய நூலை இழுத்துவிடும்.

மிஷினைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் வீடுகள் நம்முடையவை. அதை மிஷினுக்கு விட்டால் நாளடைவில் பிசினாகி இறுகிவிடும், ரிப்பேர்காரர் கழற்றிக் கழுவ வேண்டிவரும். தையல் மிஷின் எண்ணெயையே விட்டு, கழிவுத்துணியில் சிறிது நேரம் ஓட்டியபின் நல்ல துணியை வையுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் ஊசியைத் துணியில் குத்தியபடி இரவு விட்டுவிட்டால் காலையில் துருக்கறை விழுந்திருக்கும். அடியில் நூல் கொத்துக் கொத்தாக வந்தால் அடிநூல் சுற்றிய பாபினைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்குள் உட்காராததுதான் காரணம். அழுத்துக் காலைத் தூக்கிவைத்து நூலை மறுபடி கோத்தால் சரியாகும்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. தையல்கடை வைத்திருப்பவர்கள் பக்கத் தையலில் ஓர் அங்குலமாவது விடுங்கள். துணி பற்றாவிட்டால் வெட்டும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். பிரித்துத் தைக்கும் வேலைக்கும் கூலிப் பட்டியல் எழுதிக் கடையில் தொங்கவிடுங்கள். அரைமணி நேர வேலைக்கு நியாயமான கூலி கேட்பதில் தவறில்லை, கொடுப்பவர்களும் பேரம் பேசக் கூடாது. மாவட்டச் சமூகநலத் துறைக்கு ஒன்று: சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் இயந்திரம் பெறும் பெண்களுக்குப் புதுத்துணி வெட்டத் தெரிந்திருக்கிறது, பழையதைப் பிரித்து அளவு மாற்றும் வேலைக்குத் தனியாக ஒரு வாரப் பயிற்சி கொடுத்தால், பள்ளி திறக்கும் மாதத்தில் ஒவ்வொரு ஊரிலும் அவர்களுக்கு வேலை இருக்கும். அந்தப் பயிற்சிக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் தயார்.

தையல் ஆசிரியைகள் இருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.