உத்திரமேரூர்க் கல்வெட்டும் வகுப்பறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழர் காலக் குடவோலை முறையைப் பற்றிப் பள்ளி மாணவர்களைக் கேட்டால், மக்கள் வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் கல்வெட்டு வாசகத்தை அந்த விடைக்கு அருகே வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கச் செய்யும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வர வேண்டும்.

கல்வெட்டு காட்டும் காட்சி வேறு. ஊர் வேலைகளைக் கவனிக்கும் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆளெடுக்க, முப்பது குடும்புகளிலும் (ஊரின் பிரிவுகளிலும்) தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்கிறார்கள். அதைச் சபையின் நடுவரான மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிச் சபையறியப் படிக்கிறார். இது வாக்கெடுப்பன்று, திருவுளச்சீட்டு. கால் வேலிக்கு (வேலி என்பது ஒரு நில அளவு) மேல் இறை, அதாவது வரி, செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி எனத் தகுதிகள் நீள்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் குடத்திற்கு வெளியேதான். (இந்த ஒரு விதியை மட்டும் இன்றும் கடன் வாங்கலாம்.)

கல்வெட்டு போன்ற, அக்காலத்திலேயே எழுதப்பட்ட முதன்மைச் சான்று என்றாலே முழு உண்மை என்று கற்பிப்பதும் தவறு. கி.பி. 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, 921-ஆம் ஆண்டின் இன்னொரு கல்வெட்டில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியிருக்கிறது. இரண்டே ஆண்டில் ஏன் திருத்தினார்கள் என்று மாணவர் கேட்கட்டும். இரண்டு முறையும் அரசாணைப்படி ஓர் அதிகாரி சபையில் உடனிருந்ததையும் அவர்கள் கவனிக்கட்டும். மேலும், கல்வெட்டு விதியைத்தான் சொல்கிறது. நடைமுறை அப்படியே இருந்ததா என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஒரு சதுர்வேதிமங்கலம், வேளாண் குடிகளின் ஊரவை வேறு வகை என்ற விளக்கத்தைப் பல கல்வெட்டுகளைப் படித்த ஆய்வாளர்களின் நூல்கள்தாம் தருகின்றன. அங்கேதான் இரண்டாம் நிலைச் சான்றின் அருமை தெரியும்.

ஆகவே அவ்விரு கல்வெட்டுகளிலிருந்தும் சில வரிகளை, எளிய உரையுடன், பாடநூலில் ஒரே பக்கத்தில் அச்சிடப் பள்ளிக் கல்வித் துறை முன்வர வேண்டும். பொதுத்தேர்விலும், பாடநூலின் ஒரு வாக்கியத்தையும் கல்வெட்டின் ஒரு வரியையும் கொடுத்து, எது எங்கே வேறுபடுகிறது என்று எழுதச் சொல்லும் ஐந்து மதிப்பெண் வினா ஒன்றாவது இடம்பெற வேண்டும். தேர்வில் வராததை வகுப்பில் நடத்த நம் ஆசிரியர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காஞ்சிபுரம்.