நில அளவையாளர் சங்கம்: செயலாளரின் 2024-ஆம் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். அதனால் இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்த விஷயத்துக்கே வருகிறேன்.

“பகலெல்லாம் ஃபிக்ஸ் நின்றது, இருட்டியதும் ஃப்ளோட்டுக்குப் போய்விட்டது” என்ற புகார் மார்ச், ஏப்ரலில் குவிந்தது. செப்டம்பர், அக்டோபரில் மறுபடியும் வந்தது. (ஃபிக்ஸ் என்பது, ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டு ரிசீவர் இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் உறுதிசெய்த நிலை. ஃப்ளோட் என்பது அந்தத் துல்லியம் கைவிட்டுப்போன நிலை.) சிலர் ரிசீவரை சர்வீஸுக்கு அனுப்பினார்கள், பழுதில்லை என்று திரும்பி வந்தது. பழுது இருந்தால்தானே! கோளாறு தலைக்கு மேலே, 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலம் நமக்கு இரண்டு விதமாகத் தொல்லை தருகிறது. ஒன்று, சிக்னல் வந்து சேர்வதில் தாமதம். சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள செங்குத்துத் தூணில் 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் அதை ஓர் அலகு என்கிறார்கள். அலகு ஒன்றுக்கு, ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலைவரிசையான எல்1 சிக்னலில் சுமார் 16 சென்டிமீட்டர் பிழை வரும். பகலில் காந்த நடுக்கோட்டின் மேலே எழும்பும் பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற வாயு), காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் இறங்கி, சுமார் 15 டிகிரி காந்த அட்சரேகையை ஒட்டிக் குவிகிறது. சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் அங்கே அலகு நூறைத் தாண்டும். அதாவது 16 மீட்டருக்கு மேல். இருந்தாலும் தாமதம் அலைவரிசைக்கு ஏற்ப மாறுவதால், இரட்டை அலைவரிசை ரிசீவர் அதில் பெரும்பகுதியைக் கழித்துவிடும்.

இரண்டாவது, மினுக்கம். நம்மைப் படுத்தியது இதுதான். சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதி வேகமாகக் கரைகிறது, மேல்பகுதி அடர்த்தியாகவே இருக்கிறது. அப்புறம், தண்ணீருக்கு அடியில் சிக்கிய எண்ணெய் போல, அடர்த்தி குறைந்த பிளாஸ்மா குமிழிகளாகக் கிளம்புகிறது. சில குமிழிகள் 1,000 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும். வடக்கு தெற்காக நீண்டபடி கிழக்கு நோக்கி நகரும். அவற்றுக்குள் இருக்கும் சில நூறு மீட்டர் அளவிலான ஒழுங்கின்மைகள் சிக்னலைச் சிதறடிக்கின்றன. வலிமை நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது, ரிசீவர் பிடியை விடுகிறது, சிக்னல் அலைகளை அது எண்ணிவரும் கேரியர் சுழற்சிக் கணக்கு அறுந்துபோகிறது. ஃபிக்ஸை முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

இங்கே இரட்டை அலைவரிசை காப்பாற்றாது. “எல்5 இருக்கிறதே, கவலை வேண்டாம்” என்று விற்பனைக்கு வந்த ஒருவர் நம் கூட்டத்திலேயே சொன்னார். அலைவரிசை குறையக் குறைய மினுக்கம் கூடும், 1176.45 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் எல்5, 1575.42-இல் இருக்கும் எல்1-ஐவிட அதிகமாகவே அடிபடும். உண்மையில் உதவுவது செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை. எல்லாப் பார்வைக் கோடுகளும் ஒரே நேரத்தில் குமிழிக்குள் மாட்டுவது அரிது. ஆகவே ஜிபிஎஸ்ஸோடு குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்ற மற்ற செயற்கைக்கோள் அமைப்புகள் எல்லாவற்றையும் ரிசீவரில் திறந்து வையுங்கள்.

மே 10, 11 தேதிகளின் பெரும் காந்தப் புயலைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். 2003-க்குப் பிறகு, காந்தப் புயல் அளவுகோலின் உச்சமான ஜி5 நிலையைத் தொட்ட முதல் புயல் அது. ஆனால் நம் மாலைநேரத் தொல்லைக்குப் புயல் தேவையில்லை. அமைதியான நாட்களிலும் குமிழி எழும், சில புயல்கள் அதை அடக்கவும் செய்யும். 25-ஆவது சூரிய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக அக்டோபரில் நாசாவும், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவாவும் அறிவித்தன. அடுத்த ஆண்டும் சும்மா விடாது என்றே நினைக்கிறேன்.

செயற்குழு பரிந்துரைப்பது இவை. மற்ற அளவைகளுக்கு ஆதாரமான கட்டுப்பாட்டுப் புள்ளி வேலையைச் சூரியன் மறைவதற்குள் முடியுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நள்ளிரவுக்குப் பிறகு வையுங்கள். இரவு ஏழு முதல் பன்னிரண்டு வரை எடுத்த புள்ளியை வேறொரு நேரத்தில் மறுபடி எடுத்துச் சரிபாருங்கள். பேஸ் (ஓரிடத்தில் நிலையாக வைத்த ரிசீவர்), ரோவர் (கையோடு கொண்டுபோகும் ரிசீவர்) இரண்டின் மூலத் தரவையும் அழிக்காதீர்கள். ஃபிக்ஸ் அறுந்தால் நேரத்தையும், எந்தச் செயற்கைக்கோள், எந்தத் திசை என்பதையும் குறித்து அனுப்புங்கள். அதற்கான படிவம் இந்த அறிக்கையோடு இருக்கிறது.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்