மூங்கில் பருத்தி என்று சொல்லி விஸ்கோஸ் துணி விற்றது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் இணையக் கடையின் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: துணியின் நார் வகையைத் தவறாகக் குறிப்பிட்டு விற்றதும், துணி கிழிந்ததற்கு வாங்கியவர் மீதே பழி போட்டதும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

என் மகளின் பிரசவத்துக்காகத் தங்கள் கடையில் பச்சைக்குழந்தையைச் சுற்றிவைக்கும் துணி ஆறும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான நைட்டி மூன்றும் வாங்கினேன். குழந்தைத் துணியின் உறையில் "100% மூங்கில் பருத்தி" என்றும், நைட்டியின் கழுத்துப் பட்டையில் "100% ப்யூர் காட்டன்" என்றும் அச்சிட்டிருந்தீர்கள். இரண்டும் உண்மையில்லை. குழந்தைத் துணி விஸ்கோஸ், அதாவது மரக்கூழையோ மூங்கில் கூழையோ ரசாயனத்தில் கரைத்து ஆலையில் செய்யும் நார். நைட்டி பாலியெஸ்டர் கலந்தது. குழந்தைத் துணிகள் சில சலவைக்குள் உருக்குலைந்தன. மேலே நூல் சிறு சிறு உருண்டையாகத் திரண்டது, ஓரங்கள் சுருங்கி வளைந்தன, இரண்டு துணிகள் பிழியும்போதே கிழிந்தன. படங்களோடு புகார் அனுப்பினேன். "தவறான முறையில் துவைத்ததால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

அந்த ஒரு வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கோவையில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பஞ்சின் நீளம், மைக்ரோனேர் என்னும் நாரின் நுண்மை அளவு, ஈரப்பதம், நூலின் வலு என்று அளந்து அளந்தே என் வேலைக்காலம் கழிந்தது. எந்தத் துணியை எப்படித் துவைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது என்ன துணி என்று மட்டும் நீங்கள் உண்மையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

பருத்தி என்று நம்பிய துணியைப் பருத்தியைத் துவைப்பது போலத்தான் துவைத்தேன். பச்சைக்குழந்தையின் துணி என்பதால் சுடுதண்ணீரில் ஊறவைத்து, கையால் கசக்கி, நன்றாக அலசி, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, சூடாக இஸ்திரி போட்டேன். பருத்திக்கு இதில் எதுவுமே கெடுதல் செய்யாது. பருத்தி நார் நனைந்தால் அதன் வலு குறையாது. காய்ந்திருக்கும்போது இருப்பதைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் வரை கூடும். ஆற்றங்கரைக் கல்லில் அடித்து அடித்து வெளுத்தும் நம் வேட்டியும் சேலையும் வருடக்கணக்கில் தாங்கியது இந்தக் குணத்தால்தான்.

விஸ்கோஸ் இதற்கு நேர்மாறு. நனைந்தவுடன் ஏறத்தாழப் பாதி வலுவை இழந்துவிடும். தண்ணீரை ஏராளமாகக் குடித்து, நார் பருத்து, நெகிழ்ந்துபோகும். அந்த நிலையில் முறுக்கிப் பிழிந்தால் கிழியும், இழுத்துக் காயப்போட்டால் வடிவம் மாறும். பருத்தியும் விஸ்கோஸும் வேதியியல்படி ஒரே செல்லுலோஸ்தான், செடிகொடிகளின் உடலில் இருக்கும் அதே பொருள். ஆனால் பருத்தியில் ஒவ்வொரு மூலக்கூறுச் சங்கிலியும் பல ஆயிரம் கண்ணிகள் நீளம். விஸ்கோஸ் தயாராகும்போது அது அறுந்து சில நூறு கண்ணிகளாகச் சுருங்கிவிடுகிறது. நனைந்தால் விட்டுக்கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே விஸ்கோஸ் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும். முறுக்காமல், ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுக்க வேண்டும். நிழலில் பரப்பிக் காயவிட வேண்டும். மிதமான சூட்டில், அதாவது இஸ்திரிக் குறியில் இரண்டு புள்ளி இருக்கும் 150 டிகிரிக்குள், உள்பக்கம் திருப்பித் தேய்க்க வேண்டும். பருத்திக்கு மூன்று புள்ளி, 200 டிகிரி வரை தாங்கும். துணியில் போடும் நாரின் பெயரை வைத்துத்தான் வீட்டுப் பெண்கள் இதையெல்லாம் முடிவு செய்கிறார்கள். பெயரைப் பொய்யாகப் போட்டுவிட்டு, அந்தப் பெயருக்கு ஏற்றபடி துவைத்தவளைக் குற்றம் சொல்கிறீர்கள்.

"நீங்கள் சந்தேகப்பட்டால் போதுமா" என்று கேட்கலாம் என்பதால் துணிகளைக் கோவையிலேயே ஒரு ஜவுளிப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்கினேன். நூலைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கமான சோதனை இங்கே உதவாது. பருத்தியும் விஸ்கோஸும் ஒரே மாதிரி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். நுண்ணோக்கியில்தான் குட்டு வெளிப்படும். பருத்தி நார் முறுக்கிய ரிப்பனைப் போல இருக்கும். விஸ்கோஸ் நாரில் அந்த முறுக்கு இருக்காது. நீளவாக்கில் கோடுகள் ஓடும், குறுக்கே வெட்டினால் விளிம்பு பல் பல்லாகத் தெரியும். 60 சதவீதக் கந்தக அமிலத்தில் விஸ்கோஸ் கரைந்துவிடும், பருத்தி கரையாது. உங்கள் குழந்தைத் துணியில் பருத்தி நார் ஒன்றுகூட இல்லை என்று அறிக்கை சொல்கிறது. முழுக்க விஸ்கோஸ்.

"மூங்கில் பருத்தி" என்று ஒரு செடி கிடையாது. பருத்தி என்பது விதையைச் சுற்றி வளரும் நார். அதைப் பறித்து, அரவையில் விதையை நீக்கி, சுத்தம் செய்து அப்படியே நூற்கிறோம். மூங்கிலிலிருந்தும் நேரடியாக நார் எடுக்கலாம். தண்டை நசுக்கி, ஊறவைத்து, சீவி எடுக்கும் அந்த நார் லினன் மாதிரி முரடாக இருக்கும், விலையும் கூடுதல். கையில் வழுக்கும் அளவுக்கு மென்மையாக, நீங்கள் விற்கும் விலைக்கு வரும் "மூங்கில் துணி", மூங்கில் கூழிலிருந்து விஸ்கோஸ் முறையில் செய்ததாகவே இருக்க முடியும்.

அந்த முறையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் உங்கள் உறையில் "ரசாயனம் அற்றது" என்று பச்சை இலைப் படத்தோடு போட்டிருக்கிறீர்கள். 1892-ல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் என்ற மூவர் காப்புரிமை பெற்ற முறை அது. கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடோடு வினைபுரியச் செய்து, மறுபடியும் காஸ்டிக் சோடாவில் கரைத்துத் தேன் போன்ற கரைசலாக்கி, நுண்துளைகள் வழியாகக் கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் அது நாராக உறையும். கார்பன் டைசல்பைடு நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. விஸ்கோஸ் ஆலைத் தொழிலாளர்கள் அதனால் பட்ட பாடு தொழில் மருத்துவ நூல்களில் பதிவாகியிருக்கிறது. கோவைக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் ஒரு விஸ்கோஸ் ஆலை இருந்தது. அதன் கழிவு பவானி ஆற்றில் கலந்ததை எதிர்த்து ஆற்றங்கரை விவசாயிகள் போராடியது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதே முறையில் செய்த நாருக்கு "ரசாயனம் அற்றது" என்ற முத்திரையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

விஸ்கோஸை நான் மட்டம் தட்டவில்லை. நன்றாகத் தொங்கி விழும், சாயத்தைப் பிரகாசமாகப் பிடிக்கும், பருத்தியைவிட அதிகமாக ஈரம் உறிஞ்சும். பருத்தி தன் எடையில் சுமார் எட்டு சதவீதம் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்தால், விஸ்கோஸ் பதினொன்று முதல் பதின்மூன்று வரை பிடிக்கும். வெளியே போட்டுக்கொள்ளும் குர்த்தாவுக்கும் துப்பட்டாவுக்கும் அருமையான நார். "இது விஸ்கோஸ்" என்று எழுதி விற்றிருந்தால் நானே என் மகளுக்கு ஒரு சுடிதார் வாங்கியிருப்பேன். ஒரு நாளில் பத்துத் தடவை நனைந்து, கொதிக்கக் கொதிக்கத் துவைக்க வேண்டிய குழந்தைத் துணிக்கு அதை நான் வாங்கியிருக்க மாட்டேன். எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்து வைப்பார்கள். பலமுறை வெளுத்து மெத்தென்று ஆன பருத்திக்கு ஈடு இல்லை என்று எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. புதுத்துணியாக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்ட என் மகளுக்குப் போலிப் பெயரோடு ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள்.

"மூங்கிலின் இயற்கையான கிருமி எதிர்ப்புத் தன்மை குழந்தையின் தோலைக் காக்கும்" என்ற வாசகத்தையும் உடனே நீக்குங்கள். செடியாக இருக்கும் மூங்கிலுக்கு எந்தக் குணம் இருந்தாலும், கூழாகி, கரைந்து, அமிலத்தில் உறைந்து வெளிவருவது வெறும் செல்லுலோஸ். மரக்கூழிலிருந்து வந்த விஸ்கோஸுக்கும் மூங்கில் கூழிலிருந்து வந்த விஸ்கோஸுக்கும் அந்த நிலையில் பேதம் இல்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2009-லேயே இந்த மூங்கில் விளம்பரங்கள் மேல் நடவடிக்கை எடுத்தது. ரேயான் (விஸ்கோஸுக்கு அங்கே வழங்கும் பெயர்) என்று எழுத வேண்டிய துணியை மூங்கில் என்று எழுதி விற்றதற்காக 2022-ல் இரண்டு பெரும் கடைத்தொடர்களுக்கு மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. உலகம் முழுவதும் துணி விற்பவர்களுக்குத் தெரிந்த செய்தி இது. உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

நைட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் வாதமே இல்லை. ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுக்க முடியாத கறுப்பு மணியாக நின்றது. பருத்தி உருகாது. அறிக்கைப்படி 65 சதவீதம் பாலியெஸ்டர், 35 சதவீதம் பருத்தி. பாலியெஸ்டர் தன் எடையில் அரை சதவீதம்கூட ஈரம் பிடிக்காது. சித்திரை வெயிலில், மார்பில் குழந்தையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்தத் துணி என்ன செய்யும்? வியர்வை உடம்போடு ஒட்டிக் கிடந்து என் மகளுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு போட்டது. அடுப்படியில் தீ பிடித்தால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு "ப்யூர் காட்டன்" என்று பொய் சொல்வது பணத்தோடு முடிகிற விஷயமில்லை.

துவைக்கும் முறை பற்றி உங்கள் துணியில் இருந்தது "மென்மையாகத் துவைக்கவும்" என்ற ஒரே வரி. தண்ணீரின் சூடு எவ்வளவு, முறுக்கலாமா, வெயிலில் போடலாமா, இஸ்திரி எத்தனை புள்ளி என்று ஒன்றும் இல்லை. தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்று உலகம் முழுக்கப் புழங்கும் ஐந்து குறிகளும் ஒரு சின்னப் பட்டையில் அடங்கும். வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஒவ்வொரு உருப்படியிலும் இதைத் தைத்துத்தான் அனுப்புகின்றன. ஐரோப்பாவில் நாரின் பெயரும் சதவீதமும் இல்லாமல் துணியை விற்கவே முடியாது. 2011-ஆம் ஆண்டின் விதிமுறை அப்படி. நம் ஊரிலேயே பட்டுக்கு 2004 முதல், சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறது, அதைப் பார்த்து நிம்மதியாகப் பட்டுச்சேலை எடுக்கிறோம். குழந்தையின் தோலைத் தொடும் துணிக்கு அந்த மரியாதை கூடவா கிடையாது?

நான் கேட்பவை இவை. ஒன்பது உருப்படிகளுக்கும் முழுப் பணமும், பரிசோதனைக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும். "தவறாகத் துவைத்தீர்கள்" என்ற பதிலை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற வேண்டும். இந்த இரண்டு பொருட்களின் விற்பனைப் பக்கத்திலும் உறையிலும் உண்மையான நாரின் பெயர், சதவீதம், துவைக்கும் குறிகள் வர வேண்டும். அதுவரை விற்பனையை நிறுத்த வேண்டும். இதே துணியை வாங்கிய மற்றவர்களுக்கும் அது விஸ்கோஸ் என்று தகவல் அனுப்ப வேண்டும். இவற்றில் இந்தக் கடைசியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். துணி கிழிந்ததும் "நம் கைப்பக்குவம்தான் சரியில்லை" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்ட தாய்மார்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்கள் கைமேல் எந்தப் பிழையும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒரு பொருளின் உள்ளடக்கத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

உறை, கழுத்துப் பட்டை, கிழிந்த துணிகள் ஆகியவற்றின் படங்களையும், பரிசோதனை அறிக்கை, ரசீது, உங்கள் பதில் ஆகியவற்றின் நகல்களையும் இணைத்திருக்கிறேன். துணிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டாம். அவை சான்றுப் பொருட்கள், தீர்வு கிடைக்கும் வரை என்னிடமே இருக்கும். உங்கள் தரப்பில் யாராவது நேரில் வந்து பார்க்க விரும்பினால் வரலாம், பரிசோதனைக்கு ஒரு துண்டு வெட்டித் தரவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)