அட்டவணையை விட்டுவிட்டு 'மழை பெய்தால்' என்று தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்காக வந்த ஆங்கில இலக்கணப் பகுதியைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். 'இஃப்' வரும் வசனங்களை, அதாவது தமிழில் 'செய்தால்' என்று சொல்கிறவற்றை, டைப் வன் (நடக்கக்கூடியது), டைப் டூ (கற்பனை), டைப் த்ரீ (நடக்காமல் போனது) என்று மூன்று பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் போட்டு, கீழே இடைவெளி நிரப்பும் கேள்விகள் கொடுத்திருந்தீர்கள். அதில் பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை. இதே அட்டவணைதான் ரியூசன் கொட்டிலிலும் எழுதிப் போடப்படுகிறது, பிள்ளைகளின் கொப்பிகளிலும் இருக்கிறது. விசுவமடுவில் பின்னேரங்களில் பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அட்டவணையை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிற பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு வசனம் எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை. காரணம், பிள்ளை கேட்கிற ஒரேயொரு கேள்விக்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை. "ரீச்சர், லொத்தர் இன்னும் விழவே இல்லை, விழுந்தால் எண்டுதானே சொல்லுறம், பிறகு ஏன் 'இஃப் ஐ வொன் த லொட்டரி' எண்டு இறந்தகாலம் போடுறது?"

நியாயமான கேள்வி. அதற்கு வழமையாகக் கிடைக்கிற பதில், "அது ரூல், பாடமாக்கு."

பாடமாக்கத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. எங்கள் பிள்ளைகள் பேசப் பழகிய நாள் தொட்டு இதையே தமிழில் செய்துகொண்டு வருகிறார்கள், யாரும் அதை எடுத்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். 'மழை பெய்தால்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் 'பெய்தது' என்றும் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இருக்கிற 'பெய்த்' இறந்தகாலத்துக்கு உரியது. வந்தால், போனால், படித்தால், விதைத்தால், எதை எடுத்தாலும் அப்படித்தான். 'வருகிறால்' என்றோ 'வருவால்' என்றோ ஒரு சொல் தமிழில் இல்லவே இல்லை. எதிர்மறையில் வராவிட்டால், வராமல் போனால் என்று சொல்லும்போதும் அந்த 'விட்ட'வும் 'போன'வும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் "நாளைக்கு மழை பெய்தால் விதைக்கேலாது" என்று ஒருவர் சொன்னால் மழை பெய்து முடிந்துவிட்டது என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. பழைய இலக்கண நூலான நன்னூலும் 'செயின்' என்ற வாய்பாட்டு வினையெச்சத்தை எதிர்காலத்துக்கு உரியதாகவே வைக்கிறது, இன்று நாங்கள் 'செய்தால்' என்று சொல்வது அதே இடத்தில்தான். ஆக, வடிவம் இறந்தகாலத்தைப் போல இருக்கும், பொருள் இனி நடக்கப்போவதாக இருக்கும் என்பது எங்கள் பிள்ளைக்குப் புதுச் சங்கதி இல்லை. இதைக் காட்டினால் முகம் தெளிகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலத்திலும் அந்த இறந்தகால வடிவம் நேற்று முந்தநாளைக் குறிக்க வரவில்லை. சொல்கிறவர் தன் பேச்சை நடப்பிலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கிறார், அதற்குத்தான் அந்த வடிவம். மரியாதைக்கும் இதே வடிவம்தான். 'கான் யு' என்பதை விட 'குட் யு' பணிவு, 'ஐ வோன்ட்' என்பதை விட 'ஐ வோன்டட் டு ஆஸ்க்' பணிவு. இதுவும் எங்கள் பக்கத்தில் இருக்கிறதே! ஒரு வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றுகொண்டு, "அண்ணை, உங்களிட்ட ஒரு விசயம் கேப்பம் எண்டு வந்தனான்" என்றுதானே தொடங்குகிறோம். கேட்க வந்தது இப்போது, கேட்கப் போவதும் இப்போது, ஆனால் 'வந்தனான்' என்று இறந்தகாலத்தில் சொன்னால் கேள்வி கொஞ்சம் மெதுவாகிறது, இல்லை என்று சொல்ல அவருக்கும் ஒரு வழி கிடைக்கிறது. இந்த ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே அரை மணித்தியாலம் வகுப்பு நடத்தலாம்.

சரி, அப்படியென்றால் எங்கள் பிள்ளைகள் இடறுவது எங்கே? தமிழில் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான். "இரணைமடுக் குளத்துக் கதவு திறந்தால் நாங்கள் பார்க்கப் போவோம்" என்று மார்கழியில், குளம் முட்டுகிற நேரத்தில் ஒரு பிள்ளை சொன்னால் அது 'இஃப் தே ஓப்பின் த கேட்ஸ், வி வில் கோ'. இதே வசனத்தை ஆவணியில், குளத்துக்குள் மாடு மேய்கிற காலத்தில் சொன்னால், 'இஃப் தே ஓப்பின்ட் த கேட்ஸ் நவ், வி வுட் கோ'. தமிழில் இரண்டுக்கும் 'திறந்தால், போவோம்'தான். நடக்கக்கூடியதா, சும்மா கற்பனைக்குச் சொல்கிறாரா என்பதைத் தமிழில் குரலாலும் 'ஒருவேளை', 'மட்டும்' போன்ற சொற்களாலும் காட்டுகிறோம், பலவேளை காட்டாமலே கேட்கிறவரிடம் விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதை வினையே சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டைப் வன்னா டைப் டூவா என்று தேடாதே, இது நடக்கும் என்று நினைத்துச் சொல்கிறாயா, இல்லையா என்று உன்னையே கேட்டுப் பார்.

இது சின்ன விசயமாகத் தெரியலாம். என் வகுப்பில் ஒரு பிள்ளை 'இஃப் ஐ பாஸ்ட் த எக்ஸாம், மை மதர் வுட் பீ ஹப்பி' என்று எழுதியிருந்தாள். இலக்கணப்படி முழுச் சரி, கொப்பியில் சரி போட்டுவிட்டு அடுத்த பக்கம் போகலாம். ஆனால் அந்த வசனத்தை ஆங்கிலம் தெரிந்த ஒருவர் வாசித்தால், இந்தப் பிள்ளை தான் சித்தியடைவது சந்தேகம் என்று நினைக்கிறது என்றுதான் விளங்கிக்கொள்வார். நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லை ரீச்சர், நான் கட்டாயம் பாஸ் பண்ணுவன்" என்றாள். அப்படியென்றால் 'இஃப் ஐ பாஸ், மை மதர் வில் பீ ஹப்பி' என்றுதான் வர வேண்டும் என்று சொன்னதும், அவளாகவே பழையதை வெட்டிவிட்டு எழுதினாள். தமிழில் "நான் பாஸ் பண்ணினால் அம்மா சந்தோசப்படுவா" என்ற ஒரே வசனம், அதற்குள் இருந்த நம்பிக்கை ஆங்கிலத்துக்குப் போகும்போது எங்கேயோ விழுந்துவிட்டது. இதை எந்த அட்டவணையும் பிடித்துக் கொடுக்காது.

இதனால்தான் உங்கள் பக்கத்தில் வந்த சில கேள்விகளோடு எனக்கு உடன்பாடில்லை. முன்பாதியையும் பின்பாதியையும் இரண்டையும் வெறுமையாக விட்டு, அடைப்புக்குறிக்குள் வினையடியை மட்டும் கொடுத்தால் இரண்டு விடையும் சரியாகும். பின்பாதியில் 'வில்' இருந்தால் முன்பாதி நிகழ்காலம், 'வுட்' இருந்தால் இறந்தகாலம் என்று ஒரு பிடி இருக்க வேண்டும், அல்லது யார், எப்போது, எந்த நிலைமையில் சொல்கிறார் என்று ஒரு வரியாவது தர வேண்டும். ஒன்றும் தராமல் ஒரு விடையை மட்டும் சரி என்று அச்சடித்தால் நல்லாக யோசித்து எழுதின பிள்ளை புள்ளியை இழக்கும்.

இன்னொன்று. 'இஃப்' பக்கத்தில் இறந்தகாலம் வந்தாலே கற்பனை என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதுவும் முழுக்கச் சரியில்லை. "சின்ன வயதில் மழை பெய்தால் பள்ளிக்கூடம் போகமாட்டோம்" என்று அம்மம்மா சொல்வது உண்மையாக நடந்த கதை, அங்கேயும் 'இஃப் இட் ரெயின்ட், வி டிட் நொட் கோ டு ஸ்கூல்'தான். பின்பாதியில் 'வுட்' இல்லாததைக் கவனிக்கச் சொன்னால் போதும்.

மூன்றாவது பெட்டிக்கு வருகிறேன், இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நடந்து முடிந்ததை, நடக்காமல் இருந்திருந்தால் என்று யோசிக்கிற வசனம். வன்னியில் இந்த வசனம் பேசாத வீடு இல்லை. 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் "நெல் மூட்டையை மேல ஏத்தி வைச்சிருந்தால் நனைஞ்சிருக்காது" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் 'இஃப் வி ஹாட் கெப்ட் த பாடி பாக்ஸ் ஹையர், தே வுட் நொட் ஹாவ் கொட் வெட்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'வைத்திருந்தால்' என்பதில் வைத்து, இருந்து என்று இறந்தகாலம் இரண்டு தரம் வருகிறது, ஆங்கிலத்திலும் 'ஹாட்' ஒன்று, 'கெப்ட்' ஒன்று. பின்பாதியை உடன்பாட்டில் சொல்லிப் பார்த்தால், "தப்பியிருக்கும்" என்று நடந்து முடிந்த கதைக்கு எதிர்கால வினையைப் போடுகிறோம், ஆங்கிலத்தில் 'வில்' என்பதன் இறந்தகால வடிவமான 'வுட்' வந்து நிற்கிறது. டைப் த்ரீதான் மூன்றிலும் கஷ்டம் என்று பிள்ளைகளைப் பயப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உண்மையில் தமிழோடு ஆகக் கிட்ட ஒத்துப்போவது அதுதான். நான் அதையே முதலில் சொல்லிக் கொடுக்கிறேன், டைப் டூவைக் கடைசிக்கு வைக்கிறேன்.

ஆனால் எங்கள் சனம் கூடுதலாகச் சொல்கிற வசனம் உங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை. "அண்டைக்கு இடம்பெயராமல் இருந்திருந்தால் இண்டைக்கு எங்களிட்டப் பட்டி நிறைய மாடு நிக்கும்." 2008, 2009 இல் போருக்குள் வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வெளிக்கிட்ட குடும்பங்களின் பேச்சு இது. முன்பாதி அன்று நடந்தது, பின்பாதி இன்றைய நிலைமை. ஆங்கிலத்தில் 'இஃப் வி ஹாட் நொட் பீன் டிஸ்பிளேஸ்ட் தென், வி வுட் ஹாவ் அ பிக் ஹேர்ட் நவ்'. முன்பாதி மூன்றாம் பெட்டியிலிருந்து, பின்பாதி இரண்டாம் பெட்டியிலிருந்து. கலப்பு வகை என்று இலக்கணப் புத்தகங்களில் இதற்குப் பெயரும் இருக்கிறது, பரீட்சைக்கு வராது என்று ரியூசனில் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தினமும் கேட்கிற வசனத்தை ஆங்கிலத்தில் எழுத வழியில்லை என்று விட்டால், அவர்கள் தங்கள் வீட்டுக் கதையை எந்த ஆங்கிலத்தில் சொல்வது? சூத்திரமாகப் படித்த பிள்ளை இரண்டு பெட்டியைக் கலக்கப் பயப்படும். அன்று நடந்ததற்கு 'ஹாட்', இன்றைய நிலைமைக்கு வெறும் 'வுட்' என்று விளங்கிப் படித்த பிள்ளை தானாகவே எழுதும்.

பரீட்சைக்கு வெளியே இது எங்கே உதவும் என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, பட்டதாரி, கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். 'இஃப் யு வேர் இன் சார்ஜ், வட் வுட் யு சேஞ்ச் ஃபர்ஸ்ட்?' என்று கேட்டிருக்கிறார்கள். 'வேர்' என்றதும் அவள் பழைய அனுபவத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, நான் அப்படிப் பொறுப்பில் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டாள். அவளிடம் நல்ல யோசனைகள் இருந்தன, பிறகு என்னிடம் மணிக்கணக்காகச் சொன்னாள். கேட்டவர்களுக்கு அதெல்லாம் போய்ச் சேரவில்லை. அந்த 'வேர்' இருக்கிறதே, 'ஐ'யோடும் 'ஹி'யோடும் கூட வரும், அது பழைய ஆங்கிலத்தின் மிச்சம், பேச்சில் 'வோஸ்' என்றும் சொல்கிறார்கள், எழுத்தில் 'வேர்' போடுவது பாதுகாப்பு. இதற்கு மேல் அதைப் பற்றி வகுப்பில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

'இஃப்' பக்கத்தில் 'வில்' போடாதே என்ற விதியும் இப்படித்தான், காரணத்தோடு சொன்னால் நிற்கும். நாளைய கதை என்பதால் பிள்ளை 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதிவிடுகிறது. "நாளைக்கு மழை பெய்யும் ஆல்" என்று தமிழில் சொல்வாயா என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அநேகமாகத் திருந்திவிடும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்தப் பகுதி வரும்போது அட்டவணையை ஓர் ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிட்டு, குளம், காலபோக நெற்செய்கை, பஸ், பரீட்சை என்று எங்கள் இடத்து வசனங்களைத் தமிழில் கொடுத்து, சொல்கிறவர் அதை நம்புகிறாரா இல்லையா என்று முதலில் கேளுங்கள், ஆங்கிலம் பிறகு வரட்டும். இரண்டு விடை பொருந்துகிற இடத்தில் இரண்டையும் அச்சடித்து, எது எப்போது என்று ஒரு வரி எழுதுங்கள். கலப்பு வகைக்கும் இடம் கொடுங்கள். பாடசாலைகளில் தமிழ் ரீச்சர் வினையெச்சம் படிப்பிக்கிற கிழமையிலேயே ஆங்கில ரீச்சர் இதை எடுத்தால் இரண்டு பாடத்துக்கும் நல்லது, அதற்கு அதிபர்கள் மனம் வைத்தால் போதும், ஒரு சதம் செலவில்லை. வசனங்கள் தேவையென்றால் எழுதித் தர ஆயத்தமாக இருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் எழுதினவையும் இருக்கின்றன, அவர்களிடம் கேட்டுவிட்டு, பெயர் போடாமல் அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகி,
விசுவமடு