ஐந்தடி மண் கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பொறுப்பான அதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மனுவாக மூன்று முறை கொடுத்துவிட்டேன். முதல் மனுவுக்கு ரசீது தந்தார்கள். இரண்டாவதுக்கு "பார்க்கிறோம்" என்றார்கள். மூன்றாவதை வாங்கிய தம்பி கவரைப் பிரிக்காமலே, "அந்த முருங்கை மேட்டரா?" என்று கேட்டார். விஷயம் இந்த அளவுக்குப் பிரபலமாகிவிட்ட பிறகு ஒளித்து வைத்து எழுத என்ன இருக்கிறது? எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடுகிறேன்.

வைகாசிக் கடைசியில் எங்கள் வரிசைக்குப் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று முந்தின நாள் காலையில் ஜேசிபி வந்தது. வீடுகளின் பின்சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே கிடந்த ஐந்தடி அகல மண்ணைச் சமப்படுத்தி, எம்-சாண்ட் கொட்டி, இருட்டுவதற்குள் பேவர் பிளாக் பதித்து முடித்துவிட்டார்கள். பதினொரு வீட்டுக்காரர்களின் கீரைப்பாத்தி, இரண்டு புடலைப் பந்தல், கறிவேப்பிலை, என் அம்மாவின் முருங்கை மரம் எல்லாம் ஒரே டிராக்டரில் போயின. மறுநாள் அதே இடத்தில் வாடகைக்கு எடுத்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக நின்றன. கொஞ்சம் பசுமையாக இருக்கட்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வந்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டிகள் வந்த டாட்டா ஏஸிலேயே ஏறித் திரும்பிப் போய்விட்டன.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஐந்தடியை எங்களுக்கு மண்ணாகவே திருப்பித் தாருங்கள். அதில் பயிர் வைத்துக்கொள்ளலாம் என்று எழுத்தில் தாருங்கள்.

வீடு கட்டிக் கொடுத்ததை மறந்துவிட்டுப் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில், தார் அட்டைக் கூரைக்குக் கீழே வளர்ந்தவன் நான். 2021 ஆகஸ்டில் முகாம்களுக்கு 7,469 புது வீடுகள் என்று சட்டமன்றத்தில் அறிவித்தபோது எங்களில் பாதிப்பேர் நம்பவில்லை. இன்று 300 சதுர அடியில், கழிப்பறையோடு, கான்கிரீட் கூரைக்குக் கீழே படுக்கிறோம். மழைக்கு அண்டாவும் குண்டாவும் தேடி எழும்புவதில்லை. அந்த ஆகஸ்டில்தான் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. நான் பெயிண்டர் ஐயா. வாசல் போர்டில் பழைய எழுத்தின் மேல் இரண்டு கோட் அடித்து, 'மறுவாழ்வு' என்று எழுதியவன் நான்தான். அதற்குக் கூலி வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவின் கதையை எழுத மனுவில் இடம் விட்டிருக்க மாட்டார்கள். இங்கே சொல்கிறேன். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கம் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றிய நிலத்தை நாங்கள் வளவு என்போம். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் வளவுக்குள்தான் பங்கர் வெட்டினோம். காய்த்து நின்ற கத்தரிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வெட்டினோம். மேலே பனங்குற்றி அடுக்கி, வெட்டிய மண்ணையே அதன்மேல் கொட்டி மூடினார் அப்பா. அம்மா அந்த மண்ணில் பூசணி விதை ஊன்றினார். விமானத்தில் வந்து குண்டு போடுகிற பொம்மர்காரன் கண்ணில் படாமல் இருக்க என்று ஊராருக்குச் சொல்லிக்கொண்டார். மண் சும்மா கிடந்தால் அவருக்குப் பொறுக்காது, அதுதான் நிஜம். கொடி ஓடிப் பூத்து நின்றபோது நாங்கள் படகேறினோம். பிஞ்சு பிடித்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பதினொரு வயது.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் இறக்கி, பிறகு மதுரைக்கு அனுப்பினார்கள். இங்கே வந்து பத்தொன்பது வருடம் அம்மா ஒரு செடி நடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தக்காளி நாற்று நீட்டினால்கூட, "அடுத்த மாசம் போயிடுவம், பிறகு ஆர் தண்ணி ஊத்துறது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். 2002-ல் சமாதான ஒப்பந்தம் என்று ரேடியோவில் சொன்ன வாரம் பையையும் கட்டி வைத்துவிட்டார். நாலே வருடத்தில் அது கெட்டது. அங்கிருந்து புதிதாக ஆட்கள் படகில் வந்து இறங்கினார்கள், அம்மா பையை அவிழ்த்துச் சேலைகளைக் கொடியில் போட்டார். 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி முழுக்க அம்மா யாரோடும் அதிகம் பேசவில்லை. ஆடி பிறந்து சில நாள் கழித்து ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நல்ல முருங்கைப் போத்து ஒண்டு எங்கையாவது பாத்துக் கொண்டு வா" என்றார்.

எனக்குக் கொஞ்சநேரம் பேச்சு வரவில்லை. முருங்கை கீரைப்பாத்தி மாதிரி இல்லையே. அது வேர்விட்டுக் காய்க்க வருடம் ஆகும். அம்மா இங்கே இருக்கப்போகிறோம் என்று சொன்னது அப்படித்தான்.

அந்த வாரம் அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரரிடம் கேட்டேன். "யாழ்ப்பாண முருங்கை தர்றேன், கொண்டு போப்பா. காய் நீளமா வரும்" என்று நடுவதற்கு ஒரு கிளையை வெட்டிக் கொடுத்தார். நான் எந்த ஊர்க்காரன் என்று அவருக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து விவசாயிகள் அந்த முருங்கையை அதே பெயரில் நெடுங்காலமாக வளர்க்கிறார்கள், விற்கிறார்கள். எந்த வருடம் வந்தாய், எந்தப் படகில் வந்தாய், அட்டை எங்கே என்று அதனிடம் யாரும் கேட்டதில்லை.

மரம் வளர்ந்தது. பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டியபோதுகூட அதை வெட்டவில்லை, கொத்தனார் தன் தூக்குச்சட்டியை அதில்தான் மாட்டி வைப்பார். எங்கள் ஊரில் நண்டுக்கறியை இறக்கும் முன் ஒரு கைப்பிடி முருங்கையிலை போடுவோம், அந்த வாசனை வரிசை முழுக்க வந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வெளியே கிராமத்திலிருந்து பெண்கள் கீரை கேட்டு வர ஆரம்பித்தார்கள். மார்கழியில் மாட்டுத்தாவணியில் முருங்கைக்காய் யானை விலை குதிரை விலை விற்கும்போது காய் கேட்டும் வருவார்கள். அம்மா காசு வாங்க மாட்டார். அவர்கள் ஒரு கூடைச் சாணியோ, மொச்சையோ, பொங்கலுக்கு இரண்டு கரும்போ கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு நின்று பேசுவார்கள், மகள் பிரசவத்தைப் பற்றி, கண்மாய் நிரம்பாததைப் பற்றி. இத்தனை வருடத்தில் எங்கள் முகாமுக்கு அதிகாரிகள் வந்திருக்கிறார்கள், போலீஸ் வந்திருக்கிறது, தொண்டு நிறுவனத்தார் கேமராவோடு வந்திருக்கிறார்கள். செக்கிங் இல்லாமல், பெயர் வாசிக்காமல், எங்கள் வாசலுக்கு ஒருவர் வந்தார் என்றால் அது கீரைக்கு வந்தவர்தான். இந்த மூன்று வாரமாக யாரும் வரவில்லை. வருவதற்குக் காரணம் இல்லை.

உங்கள் அலுவலகத்தில் சொன்ன காரணங்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். முருங்கைக் கிளை முறிந்து விழும் என்றார்கள். விழும். கம்பளிப்பூச்சி வரும் என்றார்கள். வரும், ஐப்பசி கார்த்திகையில் சுவரெல்லாம் அப்பிக்கிடக்கும், நானே தீப்பந்தம் பிடித்திருக்கிறேன். மரத்தைக் கழித்து விடச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கழித்திருப்போம். ஆனால் "ஆக்கிரமிப்பு" என்றும் ஒரு வார்த்தை சொன்னார்கள். சிறுகீரை விதைத்தது ஆக்கிரமிப்பு என்றால் அதைப் பிடுங்கித் தின்ற ஆடுகள் மீதும் நடவடிக்கை எடுக்கவேண்டி வரும்.

பேவர் பிளாக் வந்ததில் எங்களுக்கு ஒரு லாபம் உண்டு. முன்பு குளிக்கிற தண்ணீர் வாழைக்கும் கீரைக்கும் போய்விடும். இப்போது கல்லின் மேல் ஓடிக் கடைசி வீட்டு வாசலில் தேங்குகிறது. கொசு மருந்து அடிக்க ஒருவருக்கு வேலை கிடைத்திருக்கிறது.

மாடித்தோட்டம் போடுங்களேன், மானியத்தில் பையும் தென்னை நார்க்கழிவும் தருகிறார்கள் என்று ஒரு நல்லவர் யோசனை சொன்னார். போய் நின்றேன். மாடி இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன். படி இருக்கிறதா என்றார்கள். இல்லை. எழுபத்தாறு வயது அம்மாவை ஏணியில் ஏற்றி வெண்டைக்காய் பறிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை, திரும்பிவிட்டேன்.

என் பெரியம்மா மகன் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டான். போன புதிதில் போட்டோ அனுப்பினான். வளவு முழுக்கப் பற்றைக்காடு. வேலி ஓரத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை, மிதிவெடி என்று. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து, சாண் சாணாகத் தடவிப் பார்த்து, சரி என்று சொல்லும்வரை அவன் மண்வெட்டியைத் தொடவில்லை. பிறகு கிணற்றை இறைத்து, முதல் வேலையாகப் பயிற்றை விதை போட்டான். அங்கே மண்ணைக் கொத்த அனுமதி தேவைப்பட்டது, நியாயம்தான். இங்கே இந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது ஐயா, இவ்வளவு கல்லைப் போட்டு மூடுவதற்கு?

நீயும் அங்கேயே போகலாமே என்று கேட்பவர்களும் உண்டு. என் மகள் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுக்குத் தெரிந்த கடல் ராமேஸ்வரம் டூரில் பார்த்ததுதான். அவள் பேச்சில் "அங்கிட்டு இங்கிட்டு" தான் வரும், "அங்கால இங்கால" வராது. 2019-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் மூன்று நாடுகளின் பெயர் அதில் இருந்தது. எங்கள் நாட்டின் பெயர் இல்லை. முப்பது வருடம் இங்கே இருந்தும் நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் ஆகவில்லை. சொந்தமாக ஒரு சென்ட் வாங்கிப் பத்திரம் பதியலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாங்க முடியாது, இருப்பதில் நடவும் கூடாது என்றால்...

மன்னிக்கவும். அதெல்லாம் டெல்லி விஷயம், உங்கள் மேஜைக்கு வருவதில்லை. உங்கள் மேஜையில் இருப்பது ஐந்தடி மண். அதைத் திருப்பித் தாருங்கள், எழுத்தில் தாருங்கள். வாயால் சொன்னால் அடுத்த விசிட்டுக்கு அடுத்த ஜேசிபி வரும்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கல்லை நாங்களே பெயர்த்து, உடையாமல் அடுக்கித் தருகிறோம். வரிசையில் ஆறுபேர் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். எடுத்த கல்லை ரேஷன் கடைக்கு முன்னால் பதித்தால் மழைக்காலத்தில் அங்கே யாரும் வழுக்கி விழ மாட்டார்கள். அதையும் நாங்களே பதித்துத் தருகிறோம். முருங்கையை வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி, காம்பவுண்டு மூலையில் வைக்கிறோம், வருடத்துக்கு ஒருமுறை கழித்து விடுகிறோம். இதைக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார்.

ஒரு அவசரம் இருக்கிறது. மரத்தை ஏற்றிப்போன அன்று அம்மா டிராக்டர்காரத் தம்பியிடம் கேட்டு, கை மொத்தத்தில் இரண்டு போத்து வாங்கி வைத்துக்கொண்டார். நுனியில் சாணி அப்பி, ஈரச்சாக்கில் சுற்றிக் குளியலறை மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். நேற்றுப் பார்த்தேன், ஒன்றில் துளிர் கண் திறந்திருக்கிறது. சாக்கில் இன்னும் எட்டுப் பத்து நாள் தாங்கும் என்கிறார் அம்மா. ஆடி ஒன்றாம் தேதிக்குள் உங்கள் பதில் வந்தால் நட்டுவிடுவோம். தயவுசெய்து பாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
பணிவுடன்,
வாசல் போர்டு எழுதிய பெயிண்டர்