தலைமையாசிரியர் கடிதம்: ஒன்பதாம் வகுப்பில் சைவ உணவு பற்றிய ஆங்கிலப் பாடம்

கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பின் வரும் முதல் திங்கள்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை வரை, ஒன்பதாம் வகுப்பின் இரு பிரிவுகளிலும் ஆங்கில ஆசிரியர்கள் சைவ உணவுப் பழக்கம் பற்றி ஐந்து பாடவேளைகள் எடுக்க இருக்கிறார்கள். பாடவேளைக்கு 40 நிமிடம். தலைப்பைக் கேட்டதும் சில வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். இங்கிலீஷ் வகுப்பில் சாப்பாட்டுப் பேச்சு எதற்கு என்பது ஒன்று. பிள்ளைகளைச் சைவத்துக்கு மாற்றப் பார்க்கிறார்களா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம்: இல்லை. யார் வீட்டில் என்ன சமைக்க வேண்டும் என்று சொல்வது பள்ளியின் வேலை இல்லை. முதல் கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லோரும் வாசிக்க வசதியாக ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறோம்.

பழக்கத்தைச் சொல்லும்போது தமிழில் நாம் எதிர்கால வினையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். 'எங்க வீட்ல முட்டை சாப்பிடுவோம், கறி சாப்பிட மாட்டோம்' என்கிறோம். இது நாளைக்குச் செய்யப்போகும் காரியம் இல்லை, என்றைக்கும் உள்ள வழக்கம். பிள்ளைகள் இதை அப்படியே ஆங்கிலத்தில் வைக்கும்போது 'வீ வில் ஈட் எக்ஸ், வீ வில் நாட் ஈட் மீட்' என்று வருகிறது. கேட்பவர் காதில் முதல் பாதி 'இனிமேல் முட்டை சாப்பிடப் போகிறோம்' என்றும், இரண்டாம் பாதி 'யார் சொன்னாலும் கறியைத் தொட மாட்டோம்' என்று முரண்டு பிடிப்பது போலவும் விழும். சொல்ல வேண்டியது 'வீ ஈட் எக்ஸ், வீ டோன்ட் ஈட் மீட்'. இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளிலேயே படித்துவிட்டார்கள். கட்டம் போட்டுக் கேட்டால் சரியாக நிரப்புவார்கள். பேச வாயைத் திறந்தால் 'வில்' வந்துவிடும். ஏனென்றால் தவறு இருப்பது பாடப்புத்தகத்தில் இல்லை, தமிழில் யோசிக்கிற பழக்கத்தில். சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும். அதனால்தான் இந்தத் தலைப்பு.

புரட்டாசியில் இதை நடத்துவதற்கும் காரணம் உண்டு. என்றும் உள்ள பழக்கத்துக்கும், கொஞ்ச காலத்துக்கு மட்டும் கடைப்பிடிப்பதற்கும் ஆங்கிலத்தில் வினை வேறு. என்றைக்குமே கறி சாப்பிடாதவர் 'ஐ டோன்ட் ஈட் மீட்' என்பார். இந்த மாதம் மட்டும் விட்டவர் 'ஐ ஆம் நாட் ஈட்டிங் மீட் திஸ் மன்த்' என்பார். கிழமைக்கு முன்னால் 'ஆன்' வரும், மாதத்துக்கு முன்னால் 'இன்', நாள் கணக்குக்கு 'ஃபார்': 'ஆன் ஃப்ரைடேஸ்', 'இன் புரட்டாசி', 'ஃபார் ஃபார்ட்டி ஒன் டேஸ்'. வெள்ளி, செவ்வாய், புரட்டாசி, சபரிமலை மாலை என்று நம் வீடுகளில் இருக்கும் கணக்கு முழுவதும் இந்த மூன்று சிறு சொற்களில் அடங்கிவிடும்.

'சாப்பிட மாட்டேன்', 'பிடிக்காது', 'சாப்பிடக் கூடாது', 'ஒத்துக்காது' ஆகிய நான்கையும் தமிழில் எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. ஆங்கிலத்தில் நான்குக்கும் 'ஐ டோன்ட் லைக்' என்றே சொல்லிவிடுகிறார்கள். மாலை போட்ட பையன் 'ஐ டோன்ட் லைக் ஃபிஷ்' என்றால் அது உண்மை ஆகாது. அவனுக்கு மீன் பிடிக்கும், மாலை கழற்றும் வரை தொட மாட்டான், அவ்வளவுதான். டாக்டர் வேண்டாம் என்றவர் 'ஐ ஆம் நாட் அலவ்டு டு ஈட் ஃபிஷ்' என்று சொல்ல வேண்டும். சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருகிறவர் 'ஐ ஆம் அலர்ஜிக் டு ஃபிஷ்' என்று சொல்ல வேண்டும். உணவகத்தில் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சரியாகச் சொல்வது ஆஸ்பத்திரிச் செலவையே மிச்சப்படுத்தும்.

திங்கள்கிழமை சொற்கள், மொத்தம் 24. கேரட், பீட்ரூட், பட்டாணி, முட்டைக்கோஸ், நூக்கல், மேராக்காய் (சௌசௌ) எல்லாம் பள்ளியே வாங்கி மேசையில் வைக்கும். நீங்கள் எதுவும் கொடுத்துவிட வேண்டாம். சமவெளிச் சந்தைகளில் இவற்றை இன்றும் இங்கிலீஷ் காய்கறி என்றே சொல்கிறார்கள். கன்னேரிமுக்கில் நினைவகம் இருக்கிறதே, அந்தக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820-களில், இப்படிப்பட்ட காய்கறிகள் இந்த மலையில் வேரூன்றத் தொடங்கின. தோட்டத்தில் தினமும் தொடும் காய்களின் பெயர்களைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறாக உச்சரிக்கிறார்கள். 'வெஜிடேபுள்' என்று 'டேபுள்' சேர்த்துச் சொல்லக்கூடாது, 'வெஜ்டபுள்' என்று மூன்றே அசை. 'கேபேஜ்' இல்லை, 'கேபிஜ்'. 'லெட்யூஸ்' இல்லை, 'லெட்டிஸ்'. பன்மையும் அன்றே வரும்: கேரட்டை எண்ணலாம், அரிசியையும் தயிரையும் எண்ண முடியாது. 'டூ கேரட்ஸ்' சரி, 'டூ ரைசஸ்' கிடையாது, 'டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். மல்லிக்கட்டு என்றால் 'எ பன்ச் ஆஃப் கொரியாண்டர்'.

நம் ஊர் ஆங்கிலத்துக்கும் வெளிநாட்டு ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அன்றே சொல்லிவிடுவார்கள். பிரிஞ்சாலை இங்கிலாந்தில் 'ஓபர்ஜீன்' என்பார்கள், அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. இந்தப் பெயரில் 'எக்' இருக்கிறதே தவிர முட்டை இல்லை. லேடீஸ் ஃபிங்கர் அங்கே 'ஓக்ரா', தயிர் 'யோகர்ட்'. எல்லாவற்றிலும் ஆபத்தானது முருங்கைக்காய். நாம் 'டிரம்ஸ்டிக்' என்கிறோம், அங்கே டிரம்ஸ்டிக் என்று கேட்டால் கோழிக்கால்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை, எத்தனை தடவை என்பதைச் சொல்லும் சொற்கள். கரும்பலகையில் ஏழு நாள் ஏணி வரைவார்கள். ஏழு நாளும் என்றால் 'ஆல்வேஸ்', ஐந்தாறு நாள் 'யூஷுவலி', மூன்று நான்கு நாள் 'ஆஃபன்', ஒன்றிரண்டு நாள் 'சம்டைம்ஸ்', எப்போதாவது 'ரேர்லி', ஒருபோதும் இல்லை என்றால் 'நெவர்'. இங்கே வரும் பிழை இடத்தில்தான். 'ஐ ஈட் ஆல்வேஸ் ராகி' என்பார்கள். வினைக்கு முன்னால் வைக்க வேண்டும்: 'ஐ ஆல்வேஸ் ஈட் ராகி'. 'நெவர்' சொன்னால் 'டோன்ட்' வேண்டாம், ஒரு மறுப்பு போதும்.

புதன்கிழமைப் பாடத்தைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுப்பார்கள். சொந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். நம் ஊர்களில் 'என்ன சாப்பிடுவீங்க' என்ற கேள்வி பல சமயம் 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வியில் போய் முடிகிறது. பதினான்கு வயதில் வகுப்பு நடுவே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நேர்ந்தால் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். அதனால் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை இருக்கும், அந்த அட்டையில் உள்ளவராகவே பேசுவார்கள். அட்டைகள் எட்டு வகை. பால் குடிப்பார், முட்டை தொட மாட்டார். முட்டை உண்டு, இறைச்சி இல்லை. கிழங்கும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காத ஜைனர். பன்றிக்கறி சாப்பிடாதவர். மாட்டுக்கறி விரும்பிச் சாப்பிடுபவர். பாலும் தயிரும்கூட வேண்டாம் என்று விட்டவர். புரட்டாசி விரதக்காரர். மீன் ஒத்துக்கொள்ளாதவர். எந்த அட்டை யாருக்கு என்பது குலுக்கலில் வரும். அட்டையை வைத்து யாரையாவது கேலி செய்தால் ஆசிரியர் அங்கேயே பேட்டியை நிறுத்துவார். 'ச்சீ' என்ற ஒலிக்கு வகுப்பில் இடமில்லை, 'இட்ஸ் நாட் ஃபார் மீ' என்று சொல்லப் பழக்குவோம். 'ப்யூர் வெஜ்' என்ற சொல்லையும் தவிர்க்கச் சொல்லியிருக்கிறோம். வெளிநாட்டார் பலருக்கு அது புரியாது. அதைவிட முக்கியம், பக்கத்தில் இருப்பவர் தட்டு அசுத்தம் என்று அது சொல்லாமல் சொல்கிறது.

பேட்டியில் இலக்கணப் பிழை ஒன்று திரும்பத் திரும்ப வரும்: 'டஸ் ஷீ ஈட்ஸ் எக்ஸ்?' கேள்வியில் 'டூ' என்பது 'டஸ்' ஆனபோதே 'எஸ்' அங்கே போய்விட்டது, வினையில் மறுபடி போடக்கூடாது. 'டஸ் ஷீ ஈட் எக்ஸ்?' என்று கேட்டு, 'நோ, ஷீ டஸ்ன்ட்' என்று பதில் வாங்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 12 கேள்வி கேட்டாக வேண்டும்.

முட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்திய விதிப்படி முட்டை சேர்ந்த உணவு அசைவக் குறி பெறும், பாலுக்குப் பச்சைக் குறி உண்டு. இங்கிலாந்தில் வெஜிடேரியன் என்று சொல்பவர் பெரும்பாலும் முட்டை சாப்பிடுவார். ஆகவே 'ஐ ஆம் எ வெஜிடேரியன்' என்பதோடு நிறுத்தினால் கேக்கில் முட்டை வந்துவிடும், 'ஐ டோன்ட் ஈட் எக்ஸ்' என்று சேர்க்க வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் நாளைக்கு ஊட்டி, குன்னூர் ஹோட்டல்களில் வேலைக்குப் போவார்கள். 'இஸ் தேர் எனி சிக்கன் ஸ்டாக் இன் தி சூப்?' என்று விருந்தினர் கேட்டால், தெரியாமல் 'நோ, நோ' என்று தலையாட்டக்கூடாது. 'லெட் மீ செக் வித் தி கிச்சன்' என்று சொல்லத் தெரிய வேண்டும். காய் மட்டும் மிதக்கும் சூப்பிலும் கோழி எலும்புச் சாறு இருக்கலாம்.

வியாழக்கிழமை, பாக்கெட் வாசிப்பு. சதுரத்துக்குள் பச்சை வட்டம் என்றால் சைவம், சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமான பொருள் முதலில் வரும். இனிப்பு பிஸ்கட்டில் சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும். 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்றால் பால் இருக்கிறது, 'மே கன்டெய்ன் நட்ஸ்' என்றால் முந்திரி, பாதாம் போன்ற கொட்டை வகை கலந்திருக்க வாய்ப்புண்டு. 'மே' என்ற ஒரு சொல்லின் வேலை இங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஒரு சிறு பத்தி வாசித்துவிட்டு உரையாடல். பத்தி காந்தியடிகளைப் பற்றியது: 1888-ல் லண்டன் போய், சரியான சாப்பாடு கிடைக்காமல் அரைப்பட்டினி கிடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்து, பிறகு லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். இறந்தகால வினைகளுக்காக இதைத் தேர்ந்தெடுத்தோம். இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் ராம்ஸ்கேட் நகரில் 1847-ல் தொடங்கியதும், 'வெஜிடேரியன்' என்ற சொல்லின் தலையையும் வாலையும் சேர்த்து 1944-ல் 'வீகன்' என்ற சொல் உண்டானதும் அதே தாளில் இருக்கும். உரையாடலில் காரணத்தோடு பேசினால் போதும், வெற்றி தோல்வி இல்லை. 'பிகாஸ்' வந்தால் அதே வாக்கியத்தில் 'சோ' வேண்டாம், இரண்டில் ஒன்று போதும். இந்த ஐந்து நாளுக்கும் மதிப்பெண் கிடையாது.

பாடம் முடிந்து வீட்டுக்கு வரும் பிள்ளை 'இனி முட்டை வேண்டாம்' என்று சொல்லவும் கூடும். இந்த வயதில் அது நடக்கக்கூடியதுதான், திட்ட வேண்டாம். ஆனால் வளரும் வயது, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டிய வயது. முட்டையை விட்டால் பருப்பு, பயறு, பட்டாணி, கீரை தட்டில் கூட வேண்டும், கூடவே எலுமிச்சையோ கொய்யாவோ நெல்லியோ சேர்த்தால் கீரையில் உள்ள இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கம் நம் மலையில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. டீ அந்த இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுங்கள். பாலையும் விட நினைக்கும் பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் விடாதீர்கள், பி12 சத்து செடிகொடிகளிலிருந்து கிடைக்காது. பள்ளிச் சத்துணவில் எந்த மாற்றமும் இல்லை: முட்டை வழக்கம்போல் உண்டு, சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம்.

உங்களிடம் கேட்பது இரண்டு உதவிகள். முதலாவது, ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டில் அல்லது அக்கம்பக்கத்தில் உள்ள ஒரு பெரியவர் பிள்ளையிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். சின்ன வயதில் தினமும் என்ன சாப்பிட்டீர்கள், இப்போது எதை விட்டுவிட்டீர்கள், அரிசிச் சோறு எப்போதிலிருந்து தினமும் வந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். தமிழோ படுகோ மலையாளமோ, எந்த மொழியில் சொன்னாலும் சரி. 'மை கிராண்ட்மதர் யூஸ்ட் டு ஈட் ராகி அண்ட் சாமை' என்று பிள்ளை அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளும். சொல்ல விருப்பம் இல்லாததைச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியதை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லவும் மாட்டோம்.

இரண்டாவது, காலியான பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட் பாக்கெட் இரண்டை வியாழக்கிழமை காலை கொடுத்துவிடுங்கள். இதற்காகப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உள்ளே துளி வாசனை இல்லாமல் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, நோட்டுக்குள் மடித்து வையுங்கள். வாசனை இருந்தால் பஸ் ஸ்டாப்பிலேயே குரங்கு பையைப் பிடுங்கிவிடும். பாடம் முடிந்ததும் பாக்கெட்டுகளைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுப்போம், பள்ளிக் குப்பைத் தொட்டியில் போட மாட்டோம், தொட்டியைத் தேடிக் கரடி வருகிறது.

மழைக்காக மாவட்ட நிர்வாகம் விடுமுறை விட்டால் அன்றைய பாடம் அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், எதுவும் விட்டுப்போகாது. அட்டைகளையும் வாசிப்புத் தாளையும் முன்கூட்டியே பார்க்க விரும்புகிறவர்கள் பாடம் தொடங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் ஆசிரியர் அறைக்கு வரலாம். உங்கள் பிள்ளைக்குக் குறிப்பிட்ட ஓர் அட்டை போகக்கூடாது என்று நினைத்தால் அப்போதே சொல்லுங்கள், காரணம் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்