ஏழு ஓட்டை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே சிங்கப்பூர் துவாஸில் கரையேற்றி வைத்த ஒரு மீன்பிடி போட்டுக்குள்ளேயே கிடந்ததில் பதில் எழுத முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்கு சாதாரண நிலைத் தேர்வு நெருங்குகிறது, ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எரிகிறது. அப்புறம், நீ தூத்துக்குடியில் பழைய பைபர் போட் ஒன்றை விலை பேசியிருப்பதாக எழுதியிருந்தாய். முன்பணம் கொடுப்பதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும்.

இந்தப் போட் 40 அடி. முதலாளி மலேசியாவில் கோலா ரொம்பினுக்குப் போய் மயில் மீன் பிடிக்கிறவர். கடல் தண்ணீர் எடுக்க அடியில் ஏழு ஓட்டை. இன்ஜினுக்கு இரண்டு, அப்புறம் ஜெனரேட்டர், ஏர்கான், உயிர் இரைத் தொட்டி, டெக் கழுவுகிற பம்ப், கழிவறை. அவரவர் வேலை செய்த காலத்தில் தோன்றிய இடத்தில் துளைத்திருக்கிறார்கள். டெக் பம்பின் வால்வை மூடிப் பார்க்கலாம் என்று திருகினேன், கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. கத்தியால் சுரண்டினேன். நல்ல பித்தளை மஞ்சளாக மின்னும், இது ரோஜா நிறத்தில் இருந்தது. துத்தநாகம் முழுவதும் உப்புத் தண்ணீரில் போய்விட்டது, மிச்சம் வெறும் செம்புச் சல்லடை. ஸ்பேனரால் லேசாகத் தட்டியதும் விளிம்பு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. இதை நம்பி அவர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நீர்மட்டத்துக்கு 2 அடி கீழே ஒன்றரை அங்குல ஓட்டை திறந்துகொண்டால் நிமிடத்துக்கு 140 லிட்டராவது உள்ளே வரும். மணிக்கு 2000 கேலன் என்று பெட்டியில் போட்டிருக்கும் பில்ஜ் பம்ப், அதாவது போட்டின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கிற பம்ப், எழுதியபடியே ஓடினாலும் நிமிடத்துக்கு 126 லிட்டர்தான் வெளியேற்றும். அதனால் தண்ணீருக்குக் கீழே பித்தளையே கூடாது, வெண்கலம்தான். மரையையும் பார். அடித்தட்டில் போடுகிற குழாய்க்கு நேர் மரை, கடையில் கிடைக்கிற சாதாரண பந்து வால்வுக்குக் (ball valve) கூம்பு மரை. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றிலேயே இறுகிவிடும். பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஒரு உதை விழுந்தால் முறியும்.

ஜெனரேட்டர் கதை வேறு. போன வருஷம் இரண்டு முறை சிலிண்டரில் தண்ணீர் ஏறி, இரண்டு முறையும் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். அடியில் போய் யாரும் பார்க்கவில்லை. தண்ணீர் எடுக்கிற ஓட்டைக்கு வெளியே போட்ட மூடியின் வாய் முன்பக்கம் பார்த்து இருந்தது. போட் வேகமாக ஓடும்போது, நின்றுகிடக்கிற ஜெனரேட்டருக்குள் கடல் தானாகவே தள்ளிக்கொண்டு போகும். ஊதித் தள்ளப் புகை இல்லாததால் சைலன்சர் நிரம்பி, எக்ஸாஸ்ட் வழியாகப் பின்னால் ஏறிவிடும். தட்டையான மூடி போட்டேன், அவ்வளவுதான்.

ஏர்கான், இரைத் தொட்டி, டெக் பம்ப், கழிவறை நான்கையும் ஒரே பெரிய வெண்கல வால்வு, குப்பையை வடிகட்ட ஒரே ஸ்ட்ரெய்னர், நான்குக்கும் தண்ணீரைப் பிரித்து விட ஒரே பெட்டி என்று மாற்றிவிட்டேன். நான்கும் சேர்ந்து இழுத்தாலும் இரைத் தொட்டிக்குக் குறையாத அளவுக்கு வால்வு பெரிதாக இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் தண்ணீர் நின்றாலும் இரைமீன் செத்து மிதக்கும். ஏர்கான் ஹோஸை மட்டும் மூன்று தரம் மாற்றிப் போட்டேன். அந்தப் பம்ப் காற்றை இழுக்காது. ஹோஸ் எங்காவது ஒரு திமில் போல வளைந்தாலும் அங்கே காற்று தேங்கி ஓட்டம் நின்றுவிடும். ஸ்ட்ரெய்னரிலிருந்து மேல்நோக்கியே ஏற வேண்டும். வேண்டாத மூன்று ஓட்டையையும் நன்றாகச் சரித்துத் தேய்த்து, கண்ணாடி இழை அடுக்கடுக்காக வைத்து அடைத்தேன். செம்பவாங்கில் நாம் பழகிய காலத்தில் போர்மேன் சொல்வாரே, அவசரப்பட்டு ஒட்டினால் அவசரமாகக் கழன்றுவிடும் என்று. இன்றும் அவர் குரல் கேட்கிறது.

நீ போட் பார்க்கப் போகும்போது பெயிண்டையும் இன்ஜின் சத்தத்தையும் அப்புறம் பார்த்துக்கொள். முதலில் தரைப்பலகையைத் தூக்கி ஒவ்வொரு வால்வையும் மூடித் திற. ஹோஸ் முனைகளில் இரண்டு கிளிப் இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று தடவிப் பார். கையில் ஒரு பேனாக்கத்தி வைத்துக்கொள். எல்லாவற்றையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊர் வருகிறேன். குழாயின் அளவை எழுதினால் இங்கிருந்தே வெண்கல வால்வு வாங்கி வருவேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சான்